கேமரா வாடகைக்கு போனோம், ஷாட் டிவிஷன வெட்டி அனுப்பிட்டாரு

சாலிகிராமத்துல ஒரு சந்துக்குள்ள, முதல் மாடில இருக்குற கேமரா ரென்டல் பத்தி எழுதணும்னு ரெண்டு வாரமா நெனச்சுட்டே இருக்கேன். போர்டு கிடையாது. கீழ டெய்லர் கடை, பக்கத்துல படி, செருப்ப கழட்டிட்டு மேல ஏறுனா ஒரு ஹால், சுவரு பூரா ரேக்கு, அவ்ளோதான் கடை. சீனியர் ஒருத்தன் சொல்லலன்னா எங்களுக்கும் தெரிஞ்சிருக்காது.

நாங்க விஸ்காம் தேர்ட் இயர். இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட்டு முழு குறும்படம் இல்ல, ஒரு படத்தோட ஓப்பனிங் மட்டும், டைட்டிலோட சேத்து 2 நிமிஷம். கூடவே ஒரு ப்ரீ ப்ரொடக்ஷன் ஃபைல் வைக்கணும், ரிசர்ச், லொகேஷன் போட்டோ, ஸ்டோரிபோர்டு (ஒவ்வொரு ஷாட்டையும் வரைஞ்சு காட்டுற படம்), ஷாட் டிவிஷன் (என்னென்ன ஷாட்டு, எந்த வரிசைலன்னு எழுதுற லிஸ்ட்டு)னு எல்லாம், பாதி மார்க் அதுக்குத்தான். வழக்கம்போல ஷூட்ட முடிச்சிட்டு கடைசி நாள் ராத்திரி ஃபைல எழுதிக்கலாம்னு இருந்தோம் (எல்லாரும் அதத்தான செய்றாங்க).

கதை இதுதான். விடியக்காலைல ஒரு ஃப்ளெக்ஸ் கடை. வேல பாக்குற பையன் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒண்ணு அடிச்சிட்டு இருக்கான். அடிச்சு முடிச்சு டீ குடிக்க வெளிய வந்தா, பேனர்ல இருக்குற ஆளு பக்கத்துல நின்னு டீ குடிக்கிறாரு. அங்க டைட்டில். ரிசர்ச்சுக்கு 1958ல ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'டச் ஆஃப் ஈவில்' ஓப்பனிங்க பாத்தோம், கட்டே இல்லாம 3 நிமிஷத்துக்கு மேல ஓடுற ஒரே ஷாட், பாத்ததுலேந்து எங்களுக்கும் ஒரே ஷாட்ல கேமரா மிதந்துட்டே போகணும்னு வெறி, அதனால கிம்பல் (நடந்துட்டே எடுத்தாலும் கேமரா ஆடாம புடிக்கிற கருவி) வேணும், அது போக அந்த ஷாட் சொதப்புனா எடிட்ல வெட்டி ஒட்டிக்க கவருக்குன்னு தனியா ஷாட் எழுதி மொத்தம் 42 ஷாட்டு.

இந்த 42ஐ தூக்கிட்டுத்தான் அந்த ரென்டல் கடை அண்ணன்கிட்ட போனோம். வேற கடைல எல்லாம் போனா ஆதார் ஒரிஜினல் இருக்கா, அட்வான்ஸ் எவ்ளோ தருவீங்கன்னுதான் மொத கேள்வி. இவரு "ஷாட் டிவிஷன் காட்டுப்பா"ன்னாரு. பேப்பர வாங்கி, காதுல சொருகியிருந்த செவப்பு பேனாவ எடுத்து, எங்க பில்லையே திருப்பி அது பின்னாடி கணக்கு போட ஆரம்பிச்சாரு. ஃப்ளெக்ஸ் கடை எத்தன மணிக்கு கெடைக்கும்? ராத்திரி 10லேந்து காலைல 5 வரைக்கும். 7 மணி நேரம். ஒரு ஷாட்டுக்கு லைட்டு மாத்தி, நடிக்கிறவன நிக்க வச்சு, ரெண்டு டேக் போனா 20 நிமிஷம். மணிக்கு 3, ஆக மொத்தம் 21 ஷாட்டு, அதுவும் யாரும் டீ குடிக்காம இருந்தா. "மீதி 21 எங்கப்பா எடுப்பீங்க, கனவுலயா?"

அப்புறம் வெல்ஸ் மேட்டர சொன்னோம், கிம்பல் கேட்டோம். அவரு படத்த பாத்திருக்காரு போல, "அதுல மொத ஷாட்ல என்ன நடக்குது?"ன்னாரு. ஒருத்தன் டைம் செட் பண்ணி வெடிகுண்ட கார் டிக்கில வைக்கிறான்னோம். "ஆங், குண்டு இருக்குறது உனக்கு தெரியும், கார்ல போறவனுக்கு தெரியாது, அதனாலதான் 3 நிமிஷமும் கண்ண எடுக்காம பாக்குற. உங்க படத்துல குண்டு எங்க?" நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எங்க டிவிஷன்ல பேனர்ல இருக்குற மூஞ்சி 38வது ஷாட்லதான் வருது. அதுக்கு முன்னாடி பூரா பையன் ஷட்டர் தூக்குறான், லைட் போடுறான், பெருக்குறான்.

அந்த எடத்துலயே பேனர மேல கொண்டு வந்தோம். இப்ப மொத ஷாட்டே மெஷின்லேந்து அந்த மூஞ்சி நெத்தி, கண்ணு, மீசைன்னு கொஞ்சம் கொஞ்சமா வெளிய வர்ற குளோசப்தான். 19 ஷாட்ல கதை முடிஞ்சது. கிம்பல கேட்டும் குடுக்கல, ட்ரைபாட் போதும்னுட்டாரு. கிம்பல் வாடகை 800 ரூபா, அவருக்கு வர வேண்டிய காசு, அவரே வேணாங்குறாரு.

இன்னொண்ணும் செய்ய சொன்னாரு, கேமரா எடுக்குறதுக்கு மொத நாள் லொகேஷன்ல போய் 19 ஷாட்டையும் ஃபோன்லயே எடுத்துடுங்கன்னு. போய் எடுத்தா ரெண்டு வில்லங்கம் தெரிஞ்சது. ஒண்ணு, அந்த கடைல பழைய சோக் வச்ச டியூப் லைட்டு, வீடியோல கோடு கோடா ஓடுது. அண்ணன்கிட்ட காட்டுனா "நம்ம கரெண்ட்டு 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவ மினுக்கும், கேமரா ஷட்டர் ஸ்பீட 1/50லயோ 1/100லயோ வை, வேற நம்பர தொடாத"ன்னாரு, அதே மாதிரி வச்சோம், ஷூட்ல கோடு வரல. ரெண்டாவது, மெஷின் ஓடுனா பிரிண்ட் ஹெட் போய் வர்ற சத்தத்துல பேசுற எதுவும் கேக்கல. வசனத்த தூக்கிட்டோம், மெஷின் சத்தத்த மட்டும் தனியா ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி எடிட்ல போட்டோம், இப்ப அந்த சத்தம் நின்னு போற எடத்துலதான் டைட்டில் வருது. அந்த ஃபோன் ஷாட்டுங்கள ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுனதுதான் எங்க ஸ்டோரிபோர்டு, நாலு பேர்ல ஒருத்தருக்கும் படம் வரைய வராது.

சோனி ஏ6400 பாடி, 16 எம்எம் லென்ஸ் ஒண்ணு, 50 எம்எம் ஒண்ணு, ட்ரைபாட், சின்ன எல்இடி பேனல், எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 2,100 வாங்குனாரு. வேற எடத்துல பாடிக்கும் ஒரு லென்ஸுக்குமே கிட்டத்தட்ட அவ்ளோ சொன்னாங்க.

சரி, குறை. பேட்டரி 3 குடுத்தாரு, அதுல ஒண்ணுதான் ஒரிஜினல். மத்த ரெண்டும் 60 பர்சென்ட் காட்டிட்டு இருக்கும்போதே பொசுக்குனு அணையுது, ராத்திரி 3 மணிக்கு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கம்ப்யூட்டர் பிளக்க புடுங்கிட்டு சார்ஜ் போட்டோம், அந்த மனுஷன் மொறச்ச மொற இருக்கே. கார்டுல வேற யாரோ ஒருத்தரோட காதுகுத்து வீடியோ இருந்துச்சு, அழிக்கலாமா வேணாமான்னு பயந்து அப்படியே லேப்டாப்ல காப்பி பண்ணிட்டுத்தான் ஃபார்மேட் போட்டோம். அப்புறம் 24 மணி நேரம்னா கறாரா 24 மணி நேரம்தான், வடபழனி சிக்னல்ல மாட்டி 40 நிமிஷம் லேட்டா போனதுக்கு அரை நாள் வாடகைய போட்டாரு, எவ்ளோ கெஞ்சியும் "ஷெட்யூல்ல ட்ராஃபிக்கையும் எழுதணும்பா"ன்னு சிரிச்சுட்டு ஒரு ரூபா கூட குறைக்கல. எனக்கு அதுல இன்னும் கடுப்புதான்.

போறவங்க பேட்டரிய அங்கயே கேமராவுல போட்டு 10 நிமிஷம் ஓட்டி பாத்து வாங்குங்க. ஞாயித்துக்கிழமை அண்ணன் இருக்க மாட்டாரு, அவரு தம்பிதான் இருப்பாரு, அவரு எதுவும் கேக்காம நீங்க கேட்டதெல்லாம் எடுத்து குடுத்துருவாரு, கிம்பல் உட்பட. அதனால சனிக்கிழமை சாயங்காலமே பேப்பர எடுத்துட்டு போயிருங்க.