வாட்சப்பில் விற்கும் சிசிஎன்ஏ பிடிஎஃப், வாங்கிவிடாதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் சிசிஎன்ஏ (சிஸ்கோ நிறுவனத்தின் கணினி நெட்வொர்க் சான்றிதழ் தேர்வு) படிக்கிறவர்கள் இருந்தால் இதைப் பார்த்துவிடுங்கள். வாட்சப் குழுவில் ஒருவர், "தம்பி, தேர்வுல வந்த அதே கேள்விங்க, விடையெல்லாம் சரிபார்த்தாச்சு" என்று 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு பிடிஎஃப் விற்கிறார். நானும் வாங்கினேன். வேலை முடிந்து எல்ஆர்டி ரயிலில் நின்றபடியே படித்துவிடலாம் என்ற ஆசைதான்.

முதல் வாரம் எந்தத் தப்பும் கண்ணில் படவில்லை, எனக்கே விஷயம் தெரியாதே. அப்புறம் ஒரு கேள்வி இடித்தது. ரவுட்டரில் 10.1.1.0/24-க்கு ஸ்டாடிக் ரூட் (நாமே கையால் எழுதி வைக்கும் வழி) இருக்கிறது, 10.1.1.0/25 ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) வழியாக வந்திருக்கிறது, 10.1.1.50-க்குப் போகும் பாக்கெட் (தரவுத் துண்டு) எந்த வழியில் போகும்? ஸ்டாடிக் என்று விடை போட்டிருந்தது, ஏனென்றால் அதன் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ் (வழி வந்த இடத்தை எவ்வளவு நம்பலாம் என்ற எண், சிறியதற்கே முதலிடம்) 1, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எண்ணைப் பார்ப்பதெல்லாம் அதே நெட்வொர்க், அதே பிரிஃபிக்ஸ் நீளத்தோடு (/24, /25 என்று வரும் எண்) இரண்டு இடத்திலிருந்து வரும்போதுதான். இங்கே நீளமே வேறு, அதனால் இரண்டும் ரூட்டிங் டேபிளில் (ரவுட்டரின் வழிப் பட்டியலில்) ஏறும், 10.1.1.50 இரண்டுக்குள்ளும் வருவதால் நீளமான /25தான் ஜெயிக்கும். அப்படியும் மனம் ஆறாமல் இரவு ஒரு மணிக்கு பாக்கெட் டிரேசர் என்ற பயிற்சி மென்பொருளில் கட்டிப் பார்த்தேன். ஓஎஸ்பிஎஃப் பக்கம்தான் போனது.

பிறகு மற்றதையும் கிளறினேன். 192.168.10.64/26-இல் கடைசியாக ஒரு கணினிக்குக் கொடுக்கக்கூடிய முகவரி எது என்ற கேள்வி இரண்டு இடத்தில் வருகிறது, ஒரு இடத்தில் .126, இன்னொரு இடத்தில் .127. அந்த .127 பிராட்காஸ்ட் முகவரி, நெட்வொர்க்கில் எல்லோருக்கும் சேர்த்து அனுப்புவதற்கானது, ஒரு கணினிக்குக் கொடுக்க முடியாது! சரிபார்த்த லட்சணம் இது.

"அண்ணே, இது தப்பா இருக்கே" என்று படம் எடுத்து அனுப்பினேன். "யோசிக்காதீங்க தம்பி, மனப்பாடம் பண்ணுங்க" என்று பதில் வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட 5 வெள்ளிதான் கட்டணம், ஆனால் என்ன சொல்லிப் போவது? கசிந்த கேள்வியை வாங்கியதே தேர்வு விதிக்கு விரோதம், தெரியவந்தால் சான்றிதழையே ரத்து செய்யலாம். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

180 வெள்ளியைவிட, மனப்பாடம் செய்ததை மறப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது. இன்னமும் ஸ்டாடிக் என்று பார்த்தால் கை தானாக அங்கே போகிறது.

உங்களுக்கும் யாராவது இப்படி மெசேஜ் போட்டால், பணம் அனுப்புவதற்கு முன் அந்த /24, /25 கேள்வியைக் கேட்டு, ஏன் என்றும் கேளுங்கள்.