இலையுதிர்கால ஸ்பெயின்: மோட்டார் ஹோமிலும் சைக்கிளிலும் பன்னிரண்டு இரவுகள்

செவில்லே நகரில், உள்ளேயே சமைத்து உறங்கும் வசதியுள்ள மோட்டார் ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதன் பின்புறத்தில் இரண்டு சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு, அக்டோபர் நடுவிலிருந்து மாத இறுதி வரை நானும் என் மனைவியும் ஸ்பெயினின் தென்பகுதியான ஆண்டலூசியாவின் மலையோரக் கிராமங்களிலும் அதற்கு வடக்கே உள்ள எஸ்த்ரெமதூரா மாநிலத்திலும் சுற்றினோம். இப்படிப் போவது தகுமா, கொடுக்கும் பணத்துக்கு நிறைவு உண்டா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: வண்டியை வீடாகவும் சைக்கிளை வாகனமாகவும் வைத்துக்கொள்பவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை, ஆனால் நாளுக்கு ஓர் ஊர் என்று வண்டியை ஓட்டிக்கொண்டே இருக்க நினைப்பவர்கள் சாதாரணக் காரையும் விடுதி அறைகளையும் தேர்ந்தெடுப்பதே மேல். எங்கள் பன்னிரண்டு இரவுகளை நான்கே இடங்களில் கழித்தோம். முதலில் ஆறு இடங்களுக்குத் திட்டமிட்டிருந்தோம். இரண்டைக் கைவிட்டதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை.

வண்டியிலிருந்து தொடங்குகிறேன். ஃபியட் டுகாட்டோ வேனை அடிப்படையாகக் கொண்டு கட்டிய, 6 மீட்டர் நீளமும் 3.5 டன்னுக்கு உட்பட்ட எடையும் கொண்ட வண்டி அது. பின்பக்கத்தில் குறுக்காக இரட்டைப் படுக்கை, நடுவில் இரண்டு அடுப்புகளும் சிறு குளிர்பெட்டியும், எதிரே கழிப்பறையுடன் கூடிய குறுகிய குளியலறை, சுமார் 100 லிட்டர் நல்ல நீர்த் தொட்டி, டீசலில் இயங்கும் அறைச் சூடேற்றி என்று இருவருக்கு வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன. ஏழு மீட்டருக்கு மேல் நீளமுள்ள பெரிய வண்டியை எடுத்துக்கொள்ளும்படி வாடகை நிலையத்தில் பலமுறை சொன்னார்கள். அதற்கு இணங்காமல் இருந்தது நாங்கள் செய்த நல்ல முடிவு. எஸ்த்ரெமதூராவின் பழைய ஊர்களில் தெருக்கள் கழுதைக்கும் வண்டிமாட்டுக்கும் அளவெடுத்து அமைந்தவை. மாடி முகப்புகள் தெருவின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். சைக்கிள் தாங்கி சேர்ந்தால் வண்டியின் நீளம் மேலும் அரை மீட்டருக்குமேல் கூடும். 6 மீட்டர் வண்டியிலேயே ஒரு முறை தெருமுனையில் திரும்ப முடியாமல், எதிர்வீட்டுப் பெரியவர் ஒருவர் கைகாட்ட, நூறு அடி தூரம் பின்னோக்கி வர வேண்டியிருந்தது.

வாடகை நிறுவனத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. சைக்கிள் தாங்கியின் மூன்று பிடிவார்களில் ஒன்று நைந்திருந்தது; வண்டியை ஒப்படைக்கும்போது அதை அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள், ஒரு கிராமத்தின் நுழைவாயிலில் இருந்த வேகத்தடையில் ஏறி இறங்கியபோது பின்னால் சடசடவென்று ஓசை கேட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தால், வெளிப்பக்கமிருந்த என் சைக்கிளின் முன்சக்கரம் வாரிலிருந்து விடுபட்டுக் காற்றில் சுழன்றுகொண்டிருந்தது. அதன் கைப்பிடி மனைவியின் சைக்கிளில் சிக்கிக்கொண்டதால்தான் அது சாலையில் விழாமல் தப்பியது. அந்த ஊர் இரும்புக்கடையில் நல்ல வார் இரண்டு வாங்கிக் கட்டினோம். ஸ்பெயினில் வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்குச் சிவப்பு வெள்ளைச் சாய்கோடுகள் கொண்ட, அரை மீட்டர் சதுரமான பலகையைத் தொங்கவிடுவது சட்டப்படி கட்டாயம். அதுவும் எங்களுக்குத் தரப்படவில்லை. வாடகைக்கு எடுப்பவர்கள் ஒவ்வொரு வாரையும் கையால் இழுத்துப் பார்த்து, தாங்கியின் எடை வரம்பை எழுத்தில் கேட்டு, பலகையைக் கையில் வாங்கிய பிறகே கையெழுத்திட வேண்டும். மின்சார சைக்கிள் என்றால் மின்கலத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். தாங்கி சுமக்கும் எடை கணிசமாகக் குறையும்.

இரவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் புதிதாகப் போகிறவர்களின் முதல் அச்சம். ஸ்பெயினின் போக்குவரத்துத் துறை 2023-இல் வெளியிட்ட அறிவுறுத்தல் இதைத் தெளிவாக்கியிருக்கிறது: சக்கரங்கள் மட்டும் தரையைத் தொட்டு, தனக்குரிய இடத்துக்கு வெளியே எதையும் விரிக்காமல், நீரோ கழிவோ வெளியேறாமல் நிற்கும் மோட்டார் ஹோம், உள்ளே ஆள் இருந்தாலும் உறங்கினாலும், நிறுத்தப்பட்ட வண்டியாகவே கருதப்படும். நாற்காலியை வெளியே போட்டாலோ நிழல்துணியை விரித்தாலோ அது முகாமாகிவிடும். முகாமுக்கான விதிகள் வேறு. உள்ளூர் நகராட்சிகள் தனியாகக் கட்டுப்பாடு விதிப்பதும் உண்டு என்பதால் பலகைகளைப் படிப்பது அவசியம். சிற்றூர் நகராட்சிகள் பல தாமாகவே மோட்டார் ஹோம்களுக்கென்று இடம் ஒதுக்கி, நல்ல நீர்க் குழாயும் கழிவுநீர் கொட்டும் வசதியும் செய்து வைத்திருக்கின்றன. கட்டணமே கேட்காத இடங்களிலும் தங்கினோம். அத்தகைய ஊரில் ரொட்டியும் காய்கறியும் அங்கேயே வாங்குவது நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய நன்றி என்று நினைக்கிறேன்.

இனிச் சைக்கிளுக்கு வருகிறேன். கைவிடப்பட்ட இரயில் பாதைகளை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமான பாதைகளாக மாற்றும் திட்டம் ஸ்பெயினில் 1993-இல் தொடங்கியது. 'வீயா வெர்தே', அதாவது பசுமைவழி, என்று பெயர் பெற்ற இப்பாதைகள் இன்று நாடெங்கும் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக நீள்கின்றன. இரயிலுக்காக வெட்டிய பாதை என்பதால் ஏற்றம் எங்கும் மென்மையாகவே இருக்கும். ஐம்பதைக் கடந்த எங்கள் கால்களுக்கு அது பெரிய வரம். நாங்கள் தேர்ந்தெடுத்தது ஒல்வேராவுக்கும் புவெர்த்தோ செர்ரானோவுக்கும் இடையே 36 கிலோமீட்டர் செல்லும் மலைத்தொடர்ப் பசுமைவழி. 1920-களில் கட்டத் தொடங்கிய இந்தப் பாதையில் இரயில் ஒரு நாளும் ஓடியதில்லை. மலையைக் குடைந்து முப்பது சுரங்கங்களும் நான்கு உயர்பாலங்களும் நிலையக் கட்டடங்களும் கட்டப்பட்ட பிறகு வேலை நின்றுபோனது. ஒரு தலைமுறையின் உழைப்பு பயனற்றுக் கிடந்து, எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு சைக்கிள் மணியோசைக்குத் திறந்துவிடப்பட்டதை எண்ணிக்கொண்டே அந்தச் சுரங்கங்களுக்குள் சென்றேன்.

சுரங்கங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெளியே பிற்பகல் வெயிலில் சட்டை வியர்வையில் ஒட்டும். வாயிலைத் தாண்டிப் பத்துச் சுற்று மிதித்ததும் குளிர் கழுத்தில் ஏறும். கல்லிடுக்கில் கசியும் நீர் சொட்டும் ஓசை நம் சக்கரங்களின் ஓசையோடு கலந்து, எதிரே யாரோ வருகிறார்கள் என்று எண்ண வைக்கும். நீளமான சுரங்கங்கள் சிலவற்றில் விளக்குகள் உண்டு. இருந்தாலும் கருப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் நுழைந்து, முதல் வளைவில் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்ற அனுபவத்தால் சொல்கிறேன்: சைக்கிளில் சொந்த விளக்கு இல்லாமல் இங்கே வராதீர்கள்.

சாஃப்ரமகோன் என்னும் பாறைக்குன்றின் அடியில் இந்தப் பாதை செல்கிறது. கிரிஃபோன் பிணந்தின்னிக் கழுகுகள் பெருங்கூட்டமாக வாழும் குன்று அது. காலை பத்தரை மணிக்குப் பாறையில் வெயில் ஏறிச் சூடான பின், ஒன்றன்பின் ஒன்றாக அவை விளிம்பிலிருந்து நழுவி, சிறகை ஒருமுறைகூட அடிக்காமல் மேலே வட்டமிட்டன. இரண்டரை மீட்டர் அகலச் சிறகின் நிழல் சைக்கிள் பாதையைக் கடந்து என் கைமேல் விழுந்து போனதை நான் மறக்கப்போவதில்லை. அங்கிருந்து கொரீபே நிலையம் வரை சென்று, அருகிலுள்ள, இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட பெரும் ஓக் மரத்தடியில் சாப்பிட்டுத் திரும்பினோம். ஒல்வேராவிலிருந்து கிளம்பினால் போகும்போது இறக்கமும் திரும்பும்போது ஏற்றமும் என்பதை நினைவில் வையுங்கள். களைத்த நேரத்தில்தான் ஏற்றம் வரும். பாறையைக் கூரையாகக் கொண்ட வீடுகளுக்குப் பெயர்பெற்ற செதெனில் ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது. வண்டியை ஊருக்கு வெளியே விட்டுவிட்டுப் போனால் அரைநாளில் பார்த்துவிடலாம்.

அதன்பின் ஏ-66 நெடுஞ்சாலையில் வடக்கே போனோம். மெரிதாவில் குவாதியானா ஆற்றின்மேல் உரோமானியர் கட்டிய, முக்கால் கிலோமீட்டருக்கும் மேல் நீளமான பாலம் இப்போது மோட்டார் வண்டிகளுக்கு மூடப்பட்டிருப்பதால் சைக்கிளை உருட்டிக்கொண்டு நிதானமாகக் கடந்தோம். ஓர் இரவுதான் அங்கே.

எஸ்த்ரெமதூராவை இலையுதிர்காலத்தில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் 'தெஹேசா' எனப்படும் மேய்ச்சல் காடு. என்சீனா என்னும் பசுமை மாறா ஓக் மரங்கள் இடைவெளி விட்டு நிற்க, கீழே புல்லும் கால்நடையும் இருக்கும் நிலம் அது. கோடையில் காய்ந்து வெளிறிப்போன தரை அக்டோபரின் முதல் மழைக்குப் பின் பச்சை பிடிக்கிறது. ஓக் கொட்டைகள் உதிரத் தொடங்குகின்றன. ஐபீரியப் பன்றிகளை அவற்றைத் தின்று கொழுக்க விடும் 'மொந்தனேரா' பருவம் தொடங்குகிறது. மாத இறுதியில் வட ஐரோப்பாவிலிருந்து கொக்கினத்தைச் சேர்ந்த பெருநாரைகள் குளிர்காலம் கழிக்க வந்து சேருகின்றன. இந்த நிலத்தின் ஊடே ஆட்டுமந்தைகள் பருவந்தோறும் இடம்பெயர்ந்த பழைய மந்தைவழிகள் ஓடுகின்றன. 1273-இல் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னன் மேய்ப்பர் சங்கத்துக்கு அரச அங்கீகாரம் அளித்தான். அவ்வழிகளில் பெரியவற்றின் அகலம் 75 மீட்டர் வரை போகும். 1995-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றைப் பொதுச்சொத்தாகக் காப்பதுடன், மந்தைக்கு இடையூறில்லாமல் நடப்பதற்கும் மோட்டாரில்லா வாகனங்களுக்கும் இடமளிக்கிறது. மோட்டார் ஹோமின் கண்ணாடி வழியாக இதில் எதுவும் தெரியாது. மொன்ஃப்ராகுவே தேசியப் பூங்காவின் அருகே வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டு நாள் சைக்கிளில்தான் சுற்றினோம். வழியில் வரும் படல்களைத் திறந்தால், கடந்த கையோடு மூடிவிட வேண்டும்; அது இங்கே எழுதாத சட்டம்.

இரண்டு எச்சரிக்கைகள். மழை பெய்த மறுநாள் மண்பாதையில் இறங்காதீர்கள். களிமண் சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் இடையே அப்பிக்கொண்டு சைக்கிள் அசையவே மறுக்கும், நாங்கள் மூன்று கிலோமீட்டர் தூக்காத குறையாகத் தள்ளினோம். அடுத்தது, அக்டோபரில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. வார இறுதிகளில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும் இடங்களில் எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள். அதைக் கண்டால் திரும்பிவிடுவதே நல்லது. ஊருக்கு வெளியே சைக்கிள்காரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயம். பளிச்சென்ற மேல்சட்டையும் அணிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, மத்திய ஐரோப்பிய நேரத்தைப் பின்பற்றுவதால் இங்கே அக்டோபரில் காலை எட்டரைக்குத்தான் பொழுது விடிகிறது. மாதத்தின் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளியதும் மாலை ஆறரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. கடைகளோ பிற்பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை அடைத்திருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒரு நாளில் எவ்வளவு மிதிக்க முடியும் என்பது தெரிந்துவிடும்.

கடைசி நான்கு இரவுகள் எஸ்த்ரெமதூராவின் வடக்கிலுள்ள லா வேரா பள்ளத்தாக்கில். ஸ்பெயினை ஆண்ட பேரரசர் ஐந்தாம் கார்லோஸ் ஆட்சியைத் துறந்து 1557-இல் வந்து தங்கி மறு ஆண்டு இறந்த யூஸ்தே மடம் இங்கே இருக்கிறது. குவாகோஸ் ஊரிலிருந்து சைக்கிளில் ஏறிப் போகலாம். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது மிளகாய்ப் புகை. இந்த வட்டாரத்தின் 'பிமென்தோன்' என்னும் செம்மிளகாய்த் தூளுக்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு. செப்டம்பர், அக்டோபரில் பறித்த மிளகாயை வெயிலில் காயவைக்காமல், செங்கல் கட்டடத்தின் மேல்தளச் சட்டங்களில் பரப்பி, கீழே ஓக் விறகை எரித்து இரண்டு வாரம் அளவுக்குப் புகையில் உலர்த்துகிறார்கள். வயல்களுக்கு நடுவே மிதித்துப் போகும்போது ஓட்டுக் கூரையின் இடுக்குகளிலிருந்து புகை மெல்லக் கசிவதைப் பார்த்து நின்றோம். அங்கே இருந்த முதியவர் எங்களை உள்ளே அழைத்து மர ஏணியில் ஏற்றினார். முழங்கால் ஆழத்துக்குச் சிவப்பு. கண் எரியவில்லை, ஆனால் விறகும் இனிப்பும் கலந்த மணம் தொண்டைவரை இறங்கியது. மரக்கோலால் அவர் ஓர் ஓரத்தைப் புரட்டிக்காட்டினார்; மேலே உலர்ந்தவை சலங்கைபோல் ஒலித்தன, அடியிலிருந்தவை இன்னும் வளைந்து கொடுத்தன. நாள்தோறும் முழுவதையும் இப்படிக் கையால் புரட்ட வேண்டும் என்றார். அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்த அதே செடிதான் நம் வீட்டு முற்றத்திலும் வற்றலாகக் காய்கிறது. நாம் வெயிலை நம்பினோம், மழைக்கு அஞ்சிய இவர்கள் நெருப்பை நம்பினார்கள். இனிப்பு, நடுத்தரம், காரம் என்று மூன்று வகை உண்டு. காரமானது நமக்குக் காரமே அல்ல. ஆனால் உருளைக்கிழங்கு வறுவலில் அரைத் தேக்கரண்டி போட்டால் வண்டி முழுக்க அந்தக் கட்டடத்தின் மணம்.

அடுத்த முறைக்கும் 6 மீட்டர் வண்டியையே பதிவு செய்வேன். வேறு நிறுவனத்திடம், பிடிவார்கள் புதியவை என்று எழுதி வாங்கிக்கொண்டு. லா வேராவில் இரவு வெப்பம் எட்டு டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதால், சூடேற்றி இல்லாத மலிவு வண்டியை இந்தப் பருவத்தில் எடுக்காதீர்கள். அக்டோபர் 20-க்குப் பின் தொடங்கி நவம்பர் முதல் வாரம்வரை நீட்டிப்பேன், ஏனெனில் பெருநாரைகளின் முதல் கூட்டத்தை மட்டுமே எங்களால் பார்க்க முடிந்தது: கடைசி மாலை, வண்டிப் படியில் உட்கார்ந்து சைக்கிள் சங்கிலியிலிருந்து களிமண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, எக்காளம்போல் கூவிக்கொண்டு நாற்பது ஐம்பது பறவைகள் தலைக்குமேல் தெற்கே போயின.