காற்றா, திரவமா: சூடான அறையில் பிராசஸர் கூலரைத் தேர்ந்தெடுப்பது

கூலர் விமர்சனங்களில் வரும் வெப்பநிலை வரைபடங்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையிலான அறைகளில் எடுக்கப்பட்டவை. சென்னையிலோ மதுரையிலோ ஏசி இல்லாத அறையில் மே மாதப் பிற்பகலில் 35 டிகிரி என்பது சாதாரணம். காற்றுக் கூலரானாலும் திரவக் கூலரானாலும், அறையின் வெப்பநிலைக்குக் கீழே பிராசஸரைக் கொண்டுபோக முடியாது. அறை 12 டிகிரி கூடினால் பிராசஸரும் ஏறத்தாழ அதே அளவு கூடும். ஆகவே "தண்ணீர் என்பதால் குளிர்ச்சி அதிகம்" என்ற எண்ணத்தோடு கடைக்குப் போகிறவர்கள் முதலிலேயே தவறான கேள்வியைக் கேட்கிறார்கள். நம் அறையில், நம் பிராசஸர் எவ்வளவு வாட்டை எவ்வளவு நேரம் தொடர்ந்து இழுக்கப்போகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இந்த அலசலில் காற்றின் பக்கம், உலோகத் தகடுகள் இரண்டு அடுக்குகளாக நிற்கும் இரட்டைக் கோபுரக் கூலர்களை எடுத்துக்கொள்கிறேன். 2014-இல் வந்து இன்றுவரை அளவுகோலாக இருக்கும் நாக்டுவா என்எச்-டி15 ஒன்று. அதைவிட மிகக் குறைந்த விலையில், வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் ஆறு ஹீட் பைப்புகளும் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன்களும் தரும் தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ இன்னொன்று. திரவத்தின் பக்கம், பம்ப்பும் ரேடியேட்டரும் குழாய்களும் ஆலையிலேயே மூடி வரும், ரேடியேட்டரில் மூன்று 120 மில்லிமீட்டர் ஃபேன்கள் கொண்ட 360 மில்லிமீட்டர் ஏஐஓ (ஆல்-இன்-ஒன்) வகை. 2024-இல் வந்த ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 இதற்கு நல்ல மாதிரி. அதன் ரேடியேட்டர் மட்டுமே 38 மில்லிமீட்டர் தடிமன். குழாய்களை நாமே வெட்டிப் பொருத்தும் கஸ்டம் லூப் அழகான பொழுதுபோக்கு. ஆனால் செலவையும் பராமரிப்பையும் பார்த்தால் அது வேறு கணக்கு, இங்கே அதைத் தொடவில்லை.

திரவம் எங்கே ஜெயிக்கிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். கால் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1045 ஜூல் வெப்பம் தேவை. 250 வாட் இழுக்கும் பிராசஸர், ரேடியேட்டர் எதையும் வெளியேற்றாவிட்டாலும்கூட, அந்தத் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த நான்கு நொடிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ரேடியேட்டரும் சேர்ந்து வேலை செய்யும்போது திரவத்தின் வெப்பநிலை நிலைபெறவே பத்து, இருபது நிமிடங்கள் ஆகலாம். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் சோதனையில் ஏஐஓ மிகச் சிறப்பாகத் தெரிவதற்கும், அரை மணி நேர வீடியோ ரெண்டரிங்கில் அந்தச் சிறப்பு சுருங்குவதற்கும் இதுவே காரணம். காற்றுக் கூலரில் இந்தத் தாமதம் குறைவு. ஹீட் பைப்புக்குள் இருக்கும் சிறிதளவு நீர் ஆவியாகி, மேலே குளிர்ந்து, உள்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வரும் சுழற்சி சில நொடிகளிலேயே நிலைபெற்றுவிடும், எஞ்சுவது உலோகம் சூடாகும் நேரம்தான். எனவே எந்தக் கூலரைச் சோதித்தாலும் பிராசஸரை முழுச் சுமையில் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருளை ஒருமுறை ஓட்டி நிறுத்தாமல், குறைந்தது இருபது நிமிடமாவது தொடர்ந்து ஓட்டிய பிறகு வரும் எண்ணை மட்டுமே நம்ப வேண்டும்.

இப்போது பிராசஸருக்கு வருவோம். கேம் விளையாடுகிறவர்கள் விரும்பி வாங்கிய ரைசன் 7 7800எக்ஸ்3டி, பெயரளவில் 120 வாட் சிப். நடைமுறையில் எல்லாக் கோர்களையும் ஓட்டினாலும் அது நூறு வாட்டைத் தாண்டுவது அரிது. ஆனாலும் அதன் வெப்பநிலை 80-ஐத் தாண்டிப் போவதைப் பார்த்துப் பலர் திகைக்கிறார்கள். காரணம் கூலரில் இல்லை: கூடுதல் கேஷ் நினைவகம் கோர்கள் உள்ள சில்லின் மேல் அடுக்கப்பட்டிருப்பதால் வெப்பம் மேலே வரும் வழி அங்கேயே நெருக்கப்படுகிறது. வழி நெருக்கமாக இருக்கும்போது, அதன் மறுமுனையில் எவ்வளவு பெரிய ரேடியேட்டரை வைத்தாலும் கிடைப்பது சில டிகிரிதான். 2024-இல் வந்த 9800எக்ஸ்3டி-யில் கேஷைக் கோர்களின் அடியில் வைத்ததால் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. இரண்டுக்குமே இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலர் தாராளமாகப் போதும்; இவற்றுக்கு 360 ஏஐஓ வாங்குவது, கண்ணாடிக் கேபினெட்டின் அழகுக்காக என்றால் ஒப்புக்கொள்ளலாம், குளிர்ச்சிக்காக என்றால் பணம் வீண்.

இன்டெல் கோர் ஐ9-14900கே முற்றிலும் வேறு. அதன் அதிகபட்ச டர்போ மின்வரம்பு 253 வாட். வரம்பையே தளர்த்தி அனுப்பிய மதர்போர்டுகளில் அது 300 வாட்டையும் தாண்டியது. 100 டிகிரியில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் இந்தச் சிப்பை, முழுச் சுமையில் மிகச் சிறந்த காற்றுக் கூலரும் அந்த வரம்பை முட்டாமல் வைத்திருக்கத் திணறும். 35 டிகிரி அறையில் 360 ஏஐஓ-வுக்கே அது கடும் சோதனை. தொடர்ந்து மணிக்கணக்கில் ரெண்டர் செய்கிறவர், கம்பைல் செய்கிறவர் ஆகியோருக்குத்தான் திரவம் தன் விலையை நியாயப்படுத்துகிறது. அங்கே காற்றுக் கூலரை நான் பரிந்துரைக்க மாட்டேன், மின்வரம்பைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் ஒழிய.

அந்த "ஒழிய" என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சிப்பின் மின்செலவு அதிர்வெண்ணோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் கூடுகிறது. 1.20 வோல்ட்டை 1.30 ஆக்கினால், அதிர்வெண்ணைத் தொடாமலேயே செலவு 17 விழுக்காடு உயர்கிறது. சிப்பை அதன் நிர்ணய வேகத்துக்கு மேல் ஓட்டும் ஓவர்கிளாக்கிங்கில் கடைசி 100, 200 மெகாஹெர்ட்ஸுக்காக நாம் கொடுக்கும் விலை இதுதான். அந்த வேகத்தைக் கேமில் கண்ணால் உணர்வது கடினம், மின்விசிறியின் இரைச்சலைக் காதால் உணர்வதோ மிக எளிது. திருப்பிச் செய்தால் ஆதாயம் நம் பக்கம் வருகிறது: ரைசனில் மின்னழுத்தத்தைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரை எதிர்மறையாக 15, 20 என்று வைப்பதும், பெரிய சிப்புகளில் மின்வரம்பைத் தாழ்த்தும் ஈகோ மோடைப் போடுவதும், இன்டெலில் மின்வரம்பை 180 வாட் அளவுக்கு இறக்குவதும், கூலரையே மாற்றுவதற்கு இணையான பலனைக் காசு செலவில்லாமல் தரக்கூடும். ஒரே எச்சரிக்கை, இப்படி மின்னழுத்தத்தைக் குறைத்த (அண்டர்வோல்ட் செய்த) கணினி பளுவான சோதனையில் தாக்குப்பிடித்துவிட்டு, சும்மா இருக்கும்போது திடீரென ரீஸ்டார்ட் ஆகலாம்; குறைந்த சுமையில் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போதுதான் மின்னழுத்தப் பற்றாக்குறை வெளிப்படும். 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் சிப் வைத்திருப்பவர்கள் எதையும் திருகுவதற்கு முன், 2024-இல் வெளியான 0x129, அதன் பின் வந்த 0x12பி மைக்ரோகோட் (சிப்பின் உள்கட்டளைத் திருத்தம்) அடங்கிய மதர்போர்டு பயாஸைப் போட்டாக வேண்டும். அந்தச் சிப்புகளில் பல அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் காலப்போக்கில் பழுதடைந்தன. எந்தக் கூலரும் அதைத் தடுத்திருக்காது.

என் கணக்கில் இந்த இரண்டு வகைகளுக்கும் இடையிலான உண்மையான வேறுபாடு, அவை பழுதாகும் விதத்தில் இருக்கிறது. காற்றுக் கூலரில் ஓடும் பாகம் ஃபேன் ஒன்றுதான். அது நின்றால் கண்ணுக்குத் தெரியும்; புதியது வாங்கிக் கம்பியில் மாட்டினால் வேலை முடிந்தது. நின்ற பிறகும் அந்த உலோகப் பாளம் கேபினெட் காற்றின் துணையோடு மெதுவான வேலைக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஏஐஓ-வில் பம்ப் நின்றால் வெளியில் எதுவும் தெரியாது, ரேடியேட்டரின் மூன்று ஃபேன்களும் வழக்கம்போலச் சுழன்றுகொண்டிருக்கும், பிராசஸரோ வின்டோஸ் திறப்பதற்குள் வெப்ப வரம்பைத் தொட்டிருக்கும். அப்போது ரேடியேட்டரைக் கையால் தொட்டுப் பார்ப்பதே முதல் சோதனை. பிராசஸர் 95-இல் இருக்க ரேடியேட்டர் அறையின் குளிர்ச்சியிலேயே இருந்தால் திரவம் ஓடவில்லை. பம்ப்பின் சுழற்சி வேகம், கணினியின் அளவீடுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சரியாகக் காட்டுகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. பிராசஸர்மேல் அமரும் அடித்தகட்டின் நுண்தகடுகளுக்கிடையே கசடு அடைத்துக்கொண்டாலும் மோட்டார் சுழலத்தான் செய்யும்.

திரவம் குழாய்ச் சுவர் வழியாக ஆண்டுக்கணக்கில் மெல்ல ஆவியாவதும் தவிர்க்க முடியாதது. உள்ளே சேரும் காற்று எப்போதும் உயரமான இடத்தைத் தேடும் என்பதால், ரேடியேட்டரின் மேல்முனை பம்ப்பைவிட உயரத்தில் இருக்கும்படி பொருத்த வேண்டும்; இல்லையென்றால் பம்ப்புக்குள் சலசலப்புக் கேட்கும், ஆயுளும் குறையும். சூடான அறைக்கு இன்னொரு எல்லையும் உண்டு: திரவம் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று பெரும்பாலான தயாரிப்பாளர்கள் வைத்திருக்கும் வரம்பை, 35 டிகிரியில் தொடங்கும் கணினி மற்றவற்றைவிட விரைவில் நெருங்கும்.

ஏறும் வேகத்தை வைத்தே பழுதைப் பிரிக்கலாம். சுமை கொடுத்த சில நொடிகளிலேயே வரம்பை முட்டினால், கோளாறு பிராசஸருக்கும் அடித்தகட்டுக்கும் இடையில் இருக்கிறது: உரிக்க மறந்த பிளாஸ்டிக் தாள், காய்ந்த தெர்மல் பேஸ்ட், ஒரு திருகை மட்டும் முதலில் முழுதாக இறுக்கியதால் சாய்ந்த தகடு, அல்லது நின்றுபோன பம்ப். இன்டெலின் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் பிடிமானமே சிப்பை வளைத்துவிடுவதால், கோர்களுக்கிடையே பெரிய வேறுபாடு தெரிந்தால் அந்தப் பிடிமானத்துக்குப் பதிலாகச் சிப்பைச் சீராக அழுத்தும் கான்டாக்ட் ஃப்ரேம் போட்டுப் பார்க்கலாம். பதினைந்து நிமிடம் கழித்து மெல்ல ஏறினால் குற்றவாளி பெரும்பாலும் கேபினெட்டின் காற்றோட்டம், தூசி அடைத்த வடிகட்டி, அல்லது கீழே 300 வாட்டைக் கக்கும் கிராபிக்ஸ் கார்டு. மேலே பொருத்திய ரேடியேட்டரும் அந்தச் சூடான காற்றைத்தான் குடிக்கிறது. முன்பக்கம் மாற்றினால் பிராசஸர் தணியும், கார்டு சற்றுச் சூடேறும்.

தூசி விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான். எடையில் காற்றுக்குப் பின்னடைவு உண்டு: ஃபேன்களோடு 1.3 கிலோ வரும் என்எச்-டி15-ஐ மாட்டியபடியே கணினியை லாரியில் அனுப்பக் கூடாது.

ஆக, கேமுக்கும் அன்றாட வேலைக்கும் 150 வாட்டுக்குள் நிற்கும் சிப் வைத்திருப்பவர் பியர்லெஸ் அசாசின் வகைக் கூலரை வாங்கி, மிச்சப்படும் பணத்தில் முன்பக்கம் இரண்டு நல்ல ஃபேன்களைச் சேர்ப்பதே என் பரிந்துரை. 200 வாட்டுக்கு மேல் மணிக்கணக்கில் இழுக்கிறவர் 360 ஏஐஓ-வை எடுக்கட்டும், 240-ஐ அல்ல. நல்ல இரட்டைக் கோபுரத்துக்கும் 240-க்கும் இடையிலான வேறுபாடு அதன் பம்ப் கொண்டுவரும் கூடுதல் கவலைக்கு ஈடாகாது. சென்னையின் கணினிச் சந்தையான ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் கேபினெட்டின் பக்கக் கதவு வரை உள்ள உயரத்தை அளந்துகொள்ளுங்கள்: அசாசினுக்கு 155 மில்லிமீட்டர், என்எச்-டி15-க்கு 165. லிக்விட் ஃப்ரீசர் 3 என்றால் மேற்கூரையில் ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் சேர்த்து 63 மில்லிமீட்டர் இடமும், அதன் கீழே ராம் இடிக்காமல் இருக்கிறதா என்பதும்.