டோர் பேடுக்குள் பேக்கிங் டேப்: கார் கதவு வேலைக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ராமேஸ்வரம் தீவில் தங்கச்சிமடத்தில் ஓடும் ஒரு காரில் டிரைவர் பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுபோனது. வேலைக்குக் கொடுத்த இடத்தில் "மோட்டார் போச்சு" என்றார்கள். புது மோட்டார் போட்டதாகச் சொல்லி 4,800 ரூபாய் வாங்கினார்கள். கண்ணாடியும் ஏறி இறங்கியது. ஐப்பசி மழை தொடங்கியதும் கால்மிதிக்கு அடியில் கார்பெட் சொதசொதவென்று ஊறிக் கிடந்தது. மேடு பள்ளத்தில் ஏறினால் கதவுக்குள் ஏதோ உருளும் சத்தம் வேறு.

வேறொரு எலக்ட்ரீசியன் டோர் பேடை, அதாவது கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் பலகையை, கழற்றியதும் விஷயம் வெளிவந்தது. பேடைக் கதவோடு பிடித்துவைக்கும் ஒன்பது பிளாஸ்டிக் கிளிப்பில் நான்குதான் பிடித்திருந்தன. உடைந்த ஐந்தின் வெள்ளைத் தலைகள் கதவின் அடித்தட்டில் தேங்கிய தண்ணீரில் கிடந்தன. பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டை பிளேடால் குறுக்கே கிழித்து, அட்டைப்பெட்டி ஒட்டும் பிரௌன் டேப்பால் ஒட்டியிருந்தார்கள். டேப் நனைந்து கழன்று தொங்கியது. மோட்டார் பழையதேதான். கண்ணாடி ஓடும் ரப்பர் பள்ளத்தில் மணலும் உப்பும் கட்டிப்போய் இருந்தன, அதன்மேல் தாராளமாகக் கிரீஸ். கண்ணாடி நின்றதற்குக் காரணம் அந்த மணல். மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை.

நம் கரையில் இது சகஜமான கோளாறு. ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தனுஷ்கோடி ரோட்டில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனால், மறுபடி ஏற்றும்போது அத்தனை மணலும் ரப்பருக்குள் போகும். பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, சிலிகான் ஸ்பிரே அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கிரீஸோ எண்ணெயோ கூடாது. அது மணலை இழுத்து ஒட்டிக்கொள்ளும். மோட்டார் உண்மையிலேயே போயிருக்கிறதா என்று தெரிய, சுவிட்சை அழுத்திக்கொண்டு மோட்டார் கப்ளரில், அதாவது வயர் வந்து சேரும் இணைப்பில், மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் வந்தும் மோட்டார் அசையவில்லை, கண்ணாடியும் இறுகவில்லை என்றால்தான் மோட்டாரைக் குறை சொல்லலாம்.

மழைத்தண்ணீர் கதவுக்குள் போவது தவறில்லை, அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. கண்ணாடியின் வெளிப்புறம் வழியும் தண்ணீர் உள்ளே இறங்கி, கதவின் அடியில் இருக்கும் துளைகள் வழியே வெளியேறும். அது பேடுக்கும் கார்பெட்டுக்கும் வராமல் தடுப்பது அந்த ஷீட் ஒன்றுதான். அதைக் கிழித்தால் தண்ணீர் உள்ளே வரும். ஸ்பீக்கர், சுவிட்ச் கப்ளர், சீட்டுக்கு அடியில் ஓடும் வயரிங் எல்லாம் பாதிக்கும். உப்பு ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் இங்கே துரு சீக்கிரம் பிடிக்கும். அடித்துளைகளை மணல் அடைத்திருந்தால் இன்னும் மோசம்.

பேடைக் கழற்றும் முறை இதுதான். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடம் விடுங்கள். ஏர்பேக் சென்சாரைக் கதவுக்குள் வைத்திருக்கும் கார்கள் உண்டு. கப்ளர் கழன்றிருக்கும்போது சாவியைப் போட்டால் ஏர்பேக் விளக்கு எரிந்து நின்றுவிடும். அடுத்து ஸ்க்ரூக்கள். உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒன்று, கதவை இழுக்கும் பள்ளத்தின் அடியில் ஒன்றோ இரண்டோ, சின்ன மூடிக்குள் ஒளிந்திருக்கும். சில கார்களில் சைடு மிரருக்கு உட்புறம் இருக்கும் முக்கோண மூடியையும் எடுக்க வேண்டும். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றாமல் விட்டுவிட்டு இழுத்தால் பேட் விரிசல் விடும்.

ஸ்க்ரூ எல்லாம் வந்த பிறகு கீழ் மூலையில் தொடங்குங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பெயின்ட் சுரண்டினால் அந்தக் கீறலிலேயே துரு தொடங்கும். பிளாஸ்டிக் நெம்புகோலைக் கிளிப்புக்கு மிக அருகில் விட்டு நெம்ப வேண்டும். இரண்டு கிளிப்புக்கு நடுவில் நெம்பினால் கிளிப் வராது, பேடில் அது உட்காரும் பிளாஸ்டிக் மேடை உடையும். கிளிப் சில ரூபாய்க்குக் கிடைக்கும், மேடை உடைந்தால் பேடையே மாற்ற வேண்டும். கீழும் பக்கங்களும் விட்டபின் பேடை நேராக மேலே தூக்குங்கள். மேல் விளிம்பு கண்ணாடி ஓரத்தில் கொக்கிபோல் மாட்டியிருக்கும். உடனே இழுத்துவிடாமல் முழங்காலில் தாங்கிக்கொண்டு, சுவிட்ச் கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கைப்பிடி கேபிளையும் அப்போதே விடுவிக்கலாம்.

ஷீட்டைப் பிடித்திருக்கும் கறுப்புப் பசை வெயிலில் நூல்நூலாக இழுக்கும். காலையில், நிழலில் செய்தால் சுத்தமாக வரும். பிளேடு பட வேண்டியது பசையில், ஷீட்டில் அல்ல. திரும்ப ஒட்ட பியூட்டைல் டேப் எனும் பிசுபிசுப்பான ரப்பர் டேப் வாங்குங்கள். புளிப்பு வாடை அடிக்கும் சிலிகான் பசை காயும்போது அமிலம் விடும், இரும்பை அரிக்கும். ஷீட்டின் கீழ் ஓரம் கதவின் உட்பக்கமாகச் செருகியிருக்க வேண்டும்; வெளியே தொங்கினால் தண்ணீர் பேடுக்குத்தான் வடியும்.

இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. பேட்டரியை மாட்டிய பிறகு சில கார்களில் ஒரே தொடலில் கண்ணாடி ஏறும் வசதி வேலை செய்யாது. "மாட்யூல் அடிபட்டிருக்கு" என்று, அதாவது கண்ணாடியை இயக்கும் எலக்ட்ரானிக் பெட்டி கெட்டுவிட்டதாக, தனிப் பில் போடுகிறார்கள். பல கார்களில் கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டு, சுவிட்சைச் சில விநாடி மேல்நோக்கிப் பிடித்திருந்தாலே திரும்பிவிடும். சரியான முறை காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

வேலைக்குக் கொடுக்கும்போதே பழைய மோட்டாரைக் கையில் தரச் சொல்லுங்கள். பேடை மாட்டுவதற்கு முன் ஷீட்டைப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். உடையும் கிளிப்புக்குப் பதிலாகப் புதிது போட ஒப்புக்கொண்டால் மட்டும் சாவியைக் கொடுங்கள். வண்டியை எடுக்கும்போது கண்ணாடிமேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கதவின் அடியில் சொட்ட வேண்டும், உள்ளே கார்பெட் காய்ந்திருக்க வேண்டும். அதைப் பார்த்த பிறகு பணத்தை எண்ணுங்கள்.