"எல்லாம் சேர்த்து மாதம் 800 வெள்ளி" என்று வருகிறவர்களிடம் கவனமாக இருங்கள்

கோலாலம்பூரில் இணையத்தில் வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்காக, முக்கியமாக வீட்டிலோ சின்ன அறையிலோ ஒற்றை ஆளாகக் கடை நடத்தும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். செய்திமடல், பிளாக் (வலைப்பதிவு), வெப்சைட் எழுத்து மூன்றையும் சேர்த்து மாதம் 800 வெள்ளிக்கு, அதாவது 800 ரிங்கிட்டுக்கு, செய்து தருவதாகவும், ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும் என்றும் ஒரு நிறுவனம் நம் ஆட்களைத் தேடித் தேடி வருகிறது. நான் 4,800 வெள்ளி கட்டினேன். பணத்தைக்கூட மறுபடி சம்பாதித்துவிடலாம். பல வருடமாக என்னை நம்பி வாங்கிய டீச்சர்கள் என்மேல் வருத்தப்பட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போயிருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. எப்படி வேலை செய்கிறார்கள் என்பதை மட்டும் முழுதாகச் சொல்கிறேன், படித்தால் ஆளை அடையாளம் தெரிந்துவிடும்.

நான் விற்பது பரதநாட்டியப் பொருள்கள். சலங்கை, கெம்புக்கல் நகை செட், ராக்கொடி, குஞ்சலம், அளவெடுத்துத் தைத்த நடன உடை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறை, மற்றதெல்லாம் இணையம். என்னிடம் வாங்குகிறவர்கள் இரண்டு வகை. நடன டீச்சர்கள் வருடா வருடம் வருவார்கள், பிள்ளைகளுக்கு மொத்தமாக எடுப்பார்கள். பெற்றோர் அப்படியில்லை. மகளின் முதல் சலங்கைக்கு ஒருமுறை, அரங்கேற்றம் வந்தால் இன்னொருமுறை, அவ்வளவுதான். டீச்சருக்குப் புதுச் சரக்கு எப்போது வரும் என்று தெரிந்தால் போதும். அம்மாவுக்கு, ஆறு வயதுக் குழந்தையின் காலுக்கு எத்தனை வரிசைச் சலங்கை, தோல் பட்டையா வெல்வெட்டா, காலை எப்படி அளப்பது என்பதெல்லாம் தெரிய வேண்டும். யாருக்கு எதை எழுதுவது என்று தொடங்கும்போதே பிரித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

அதைத்தான் அவர்கள் பிரிக்கவே விடவில்லை. பேச வந்த தம்பி நன்றாகத் தமிழ் பேசினான், மரியாதையாக நடந்துகொண்டான். "அக்கா, கூகல்ல முதல் பக்கத்துல வரணும்னா எழுதிக்கிட்டே இருக்கணும்கா. எது எங்க போகணும்னு எங்க டீம் பாத்துக்கும்" என்றான். எது எந்த வாடிக்கையாளருக்கு என்று நான் கேட்டதற்கு, "எல்லாமே எல்லாருக்கும்தான்கா" என்றான். இந்தப் பதிலை யாரிடமிருந்து கேட்டாலும் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். எழுத்து வேலை தெரிந்தவர் முதலில் உங்கள் வாடிக்கையாளர் யார் என்று உங்களைக் கேட்பார்.

முதல் அடி செய்திமடலில் விழுந்தது. என்னிடம் வாங்கியவர்களின் பெயர், மின்னஞ்சல், நடனப் பள்ளி எல்லாம் அடங்கிய பட்டியலைத் தங்கள் கணக்கில் ஏற்றினால்தான் அனுப்ப முடியும் என்றார்கள். என் டொமைன் பெயரிலிருந்து, அதாவது என் கடையின் சொந்த இணைய முகவரியிலிருந்து, மெயில் அனுப்பவும் அனுமதி வாங்கிக்கொண்டார்கள். வாரம் ஒரு மடல் போனது. எல்லாம் வெறும் வாழ்த்தும் பொன்மொழியும். என் கடைச் சரக்கைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிசயம். அதற்குப் பிறகு ஒரு நாள் செந்தூலிலிருந்து ஒரு டீச்சர் போன் செய்தார். "ஏம்மா, உன்கிட்ட சலங்கை வாங்குனதுக்கு எனக்கு எதுக்கு வீட்டுக் கடன் விளம்பரம் வருது? என் மெயிலை யாருக்குக் கொடுத்த?" என்று கேட்டார். விசாரித்தபோதுதான் புரிந்தது. ஒரே கணக்கில் அவர்களுடைய எல்லா வாடிக்கையாளர்களின் பட்டியலும் கலந்து கிடக்கிறது. என் டீச்சர்களுக்கு மற்றவர்களின் விளம்பரம் போகிறது, என்னைக் கேள்விப்பட்டே இராத ஆயிரக்கணக்கான பேருக்கு என் பெயரில் மடல் போகிறது.

அந்த ஆயிரக்கணக்கான பேர் என்ன செய்வார்கள்? ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்கள். அதில் அவர்கள் தப்பு எதுவும் இல்லை. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து மொத்தமாக மெயில் அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று அமைப்புகளும் சரியாக இருக்க வேண்டும். விளம்பர மடலை ஒரே அழுத்தில் நிறுத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது, அதாவது ஆயிரம் மடலுக்கு மூன்று புகார் வந்தாலே ஆபத்து. அவர்கள் அனுப்பிய மடலில் நிறுத்தும் இணைப்பு பொடி எழுத்தில் அடியில் ஒளிந்திருந்தது, அழுத்தினால் வேறொரு படிவத்தைத் திறந்தது. புகார் குவியும்போது கெடுவது அவர்கள் பெயர் இல்லை, மடலில் இருக்கும் டொமைனின் பெயர். அது என் டொமைன்.

இதன் விளைவை நான் சொல்லாமல் யாரும் யோசிக்க மாட்டார்கள். அதே டொமைனிலிருந்துதான் என் ஆர்டர் உறுதி மெயிலும் பார்சல் எண்ணும் போகின்றன. அவையும் ஸ்பேமுக்குள் விழத் தொடங்கின. பணம் கட்டிய ஒரு அம்மா, பதிலே வரவில்லை என்று ஃபேஸ்புக் குழுவில் "இது ஏமாத்துற கடையா, யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டிருந்தார். அவர் மகளின் சலங்கை பூஜைக்கான சலங்கை அது. நான் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பதற்றம் நியாயமானது. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

இவ்வளவு நடந்துகொண்டிருந்தபோதும் மாத அறிக்கை மட்டும் அழகாக வந்தது. மடலைத் திறந்தவர்கள் 64 விழுக்காடு என்று பச்சை நிறத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். இந்த எண்ணைக் காட்டி யாரும் உங்களை நம்பவைக்க விடாதீர்கள். மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படத்தை வைத்து, அது எத்தனை முறை இறங்கியது என்று எண்ணித்தான் திறப்பைக் கணக்கிடுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஐபோனுக்கான ஐஓஎஸ் 15 மென்பொருள் வந்ததிலிருந்து, ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பைப் போட்டிருப்பவர்கள் மடலைப் படித்தாலும் படிக்காவிட்டாலும் ஆப்பிளே அந்தப் படத்தை முன்கூட்டி இறக்கிவிடுகிறது. ஐபோன் வைத்திருப்பவர்கள் அதிகம் உள்ள பட்டியல் என்றால் எண் தானாகவே ஊதிப்போகும். நீங்கள் கேட்க வேண்டியது, எத்தனை பேர் இணைப்பை அழுத்தினார்கள், எத்தனை பேர் பதில் எழுதினார்கள், மடலில் கொடுத்த தள்ளுபடிக் குறியீட்டால் எத்தனை ஆர்டர் வந்தது என்பதை. நான் கேட்டேன். "அடுத்த ரிப்போர்ட்ல வரும்கா" என்றான் தம்பி. கடைசிவரை வரவில்லை.

பிளாக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மெஷின் எழுதியதை யாரும் படித்துப் பார்க்காமலே ஏற்றியிருக்கிறார்கள். பரதநாட்டியத்துக்கு வெள்ளி நகை அணிவார்கள் என்று ஒரு கட்டுரை. அது ஒடிசி நடனத்தின் வழக்கம். நம் ஆட்டத்துக்குப் பொன்னிறத்தில் சிவப்புக் கல் பதித்த கோயில் நகை. நாகர்கோவில் வடசேரியில் செய்யும் அந்த நகைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. இன்னொரு கட்டுரையில் தலையில் வைக்கும் நகைகளான சூரியப்பிறையும் சந்திரப்பிறையும் ஒரே பக்கம் என்று இருந்தது. வகிட்டுக்கு வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன் என்பது முதல் வருடம் ஆடும் பிள்ளைக்கே தெரியும். என் பெயரில் இதைப் படிக்கும் டீச்சர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்? அதே கட்டுரைகளைச் சொல் மாற்றி வேறொரு துணிக்கடை வெப்சைட்டிலும் பார்த்தேன். தேடலில் மேலே வருவதற்காகவே கட்டுக்கட்டாகப் பக்கங்களைத் தயாரித்து ஏற்றுவதைக் கூகல் 2024 மார்ச்சில் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகவே சேர்த்துவிட்டது. எழுதியது மனிதரா மெஷினா என்பது அதற்குக் கணக்கில்லை. ஆக, "எழுதிக்கிட்டே இருக்கணும்" என்று சொல்லி விற்ற சரக்கே கடையைக் கீழே இழுக்கக்கூடியது.

எனக்கு மிகவும் வலித்தது வெப்சைட் பக்கம்தான். வருடக்கணக்காக வாட்ஸ்அப்பில் அம்மாக்கள் கேட்ட கேள்விகளைச் சேர்த்து அளவுகளுக்கென்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கணுக்காலுக்கு மேல் எங்கே டேப்பை வைப்பது, வளரும் பிள்ளைக்கு எவ்வளவு தளர்வு விடுவது, அரங்கேற்ற உடைக்கு எவ்வளவு முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. என் வியாபாரத்துக்கு அந்த ஒரு பக்கம்தான் உண்மையான விற்பனையாளர். "புதுப்பிக்கிறோம்" என்று அதை எடுத்துவிட்டு, எந்தக் கடைக்கும் பொருந்துகிற புகழ்ச்சி வரிகளைப் போட்டார்கள். பக்கத்தின் முகவரியையும் மாற்றினார்கள், பழைய முகவரிக்கு வருகிறவர்களைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு எதையும் செய்யவில்லை. கூகலில் தேடி வந்தவர்கள் வெற்றுப் பக்கத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். அளவு தவறி உடைகள் திரும்பி வந்தன. என் கணினியில் பிரதி இல்லை. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய பக்கம் சேமிப்பில் இருந்தது. அங்கிருந்து வரிவரியாக எடுத்துத் திரும்பப் போட்டேன். உங்கள் பக்கம் எதையாவது இப்படித் தொலைத்திருந்தால் அங்கே தேடிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு, சின்னக் கடைக்கு எது முதலில் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன். முதலில் வெப்சைட்டில் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் எழுத்து. வாங்க வந்து நிற்கிறவருக்குப் பதில் சொல்வது அதுதான், ஒருமுறை ஒழுங்காக எழுதினால் வருடக்கணக்கில் உழைக்கும். அடுத்தது ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு எழுதும் மடல், சொல்ல விஷயம் இருக்கும்போது மட்டும். என் டீச்சர்களுக்கு வருடத்தில் சில மடல் போதும். தீபாவளிக்கு முறுக்கு விற்கும் அக்காவுக்குப் பிளாக்கே தேவையில்லை, போன வருடம் வாங்கியவர்களுக்குப் பண்டிகைக்கு முன் ஒரு மடல் போதும். டியூஷன், கணக்கு வழக்கு, திருமண ஏற்பாடு மாதிரி ஆளை நம்பித் தேர்ந்தெடுக்கும் தொழிலுக்குத்தான் பிளாக் நன்றாகப் பயன்படும். அங்கேயும் நீங்களே உட்கார்ந்து, உங்களுக்குத் தெரிந்ததை எழுத வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் தொடங்கச் சொல்கிறவருக்கு உங்கள் கடையின் மேல் அக்கறை இல்லை.

விலகுகிறேன் என்று சொன்னதும் அவர்கள் முகம் மாறியது. பட்டியலைத் தர மறுத்தார்கள். எழுதிய கட்டுரைகள் எல்லாம் தங்கள் பதிப்புரிமை என்றார்கள். மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987, பிரிவு 26-இன்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் பணம் கொடுத்து எழுதச் சொன்னவருக்கே உரிமை சேரும். அதனால் ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக ஏதாவது வரி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். என்னுடையதில் அப்படி எதுவும் இல்லை. அந்தக் கட்டுரைகள் எனக்கு வேண்டாம்தான், ஆனால் மிரட்டலுக்குப் பயப்படத் தேவையில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

பட்டியல் விஷயம் அப்படி லேசானதில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன்படி வாடிக்கையாளரின் விவரங்களுக்குப் பொறுப்பு அவற்றைச் சேகரித்த கடைக்கே. வேலையை வெளியில் கொடுத்தாலும் பொறுப்பு நம் கையை விட்டுப் போவதில்லை. 2024 திருத்தத்துக்குப் பிறகு கோட்பாடுகளை மீறினால் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம். விளம்பரத்தை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கேட்க ஒவ்வொருவருக்கும் பிரிவு 43 உரிமை கொடுக்கிறது. என் ஆர்டர் பதிவுகளிலிருந்து பட்டியலைத் திரும்ப உருவாக்க முடிந்தது. ஆனால் "எனக்கு அனுப்பாதே" என்று நிறுத்தியவர்கள் யார் யார் என்பது அவர்கள் கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. அதனால் மடலையே நிறுத்திவிட்டு, டீச்சர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, இனி மடல் வேண்டுமா என்று கேட்டுத்தான் சேர்க்கிறேன். தரவுப் பாதுகாப்புத் துறைக்கும் புகார் கொடுத்திருக்கிறேன்.

பணத்துக்கு எங்கே போவது என்று பலருக்குக் குழப்பம் இருக்கிறது. மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் சொந்த உபயோகத்துக்காக வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும்தான். வியாபாரத்துக்காக வாங்கிய சேவையை அங்கே எடுக்க மாட்டார்கள். 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை போடலாம். படிவம் 198-ஐ நாமே நிரப்பலாம், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. நான் அந்த வழியில்தான் போயிருக்கிறேன். டொமைன் என் பெயரில் இருந்ததால் அவர்கள் அனுப்பும் அனுமதியை நானே நீக்க முடிந்தது. ஆர்டர் மெயில்கள் மெல்ல மெல்ல இன்பாக்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

யாரிடம் எழுத்து வேலை கொடுத்தாலும், மடல் அனுப்பும் கணக்கை உங்கள் மின்னஞ்சலில் நீங்களே திறந்து, அவர்களுக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். கூகல் தேடலில் உங்கள் வெப்சைட் எப்படி வருகிறது என்று காட்டும் கூகல் சர்ச் கன்சோலிலும் உரிமையாளர் நீங்களாகவே இருக்க வேண்டும். பணத்தை மாதா மாதம் கட்டுங்கள். இதே நிறுவனத்திடம் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள், விலகப் போவதாக வாய் திறப்பதற்கு முன் உங்கள் பட்டியலையும், நிறுத்தச் சொன்னவர்களின் பட்டியலையும், வெப்சைட் பக்கங்களின் பிரதியையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன அன்றே அவர்கள் கணக்கைப் பூட்டிவிடுகிறார்கள்.