லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்: என் ₹12,800 போய்விட்டது

₹12,800. மாற்றவே மாற்றாத ஒரு மதர்போர்டுக்காக (லேப்டாப்புக்குள் இருக்கும் முக்கிய சர்க்யூட் போர்டு) என்னிடம் வாங்கிய தொகை. நேற்று ராத்திரிதான் அது உறுதியானது. தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் பக்கம் இருக்கிறவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். கும்பகோணத்தில் லேப்டாப், செல்போன் இரண்டும் பார்க்கிற ஒரு சர்வீஸ் கடை, அவ்வளவுதான் இப்போதைக்கு.

நான் ஆடுதுறை பக்கம். வீட்டிலிருந்தே சில கடைகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். உரக்கடை, பாத்திரக்கடை, ஒரு சின்ன ரைஸ்மில். என் பிழைப்பே அந்த லேப்டாப்தான். மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்), 20ஆம் தேதிக்குள் 3பி (வரிக் கணக்கு). ஒரு நாள் தள்ளினாலும் நாளுக்கு ₹50 தாமதக் கட்டணம், வியாபாரமே இல்லாத மாதத்து நில் ரிட்டர்ன் என்றாலும் ₹20. இந்த நேரத்தில் லேப்டாப் படுத்துக்கொண்டால் என்ன பாடு என்று இந்த வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும்.

அறுவடை முடிந்த சமயத்தில்தான் தொல்லை ஆரம்பித்தது. கணக்கு எழுதும் புரோகிராமான டாலியைத் திறந்து வைத்துக்கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் வேலை செய்யும்போது திடீரென்று நீலத் திரை வரும், தானாக ரீஸ்டார்ட் ஆகும். ஒரு தடவை ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்று காட்டும். அடுத்த தடவை ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’. இன்னொரு தடவை வேறு ஏதோ. சும்மா பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் மணிக்கணக்கில் ஒன்றும் ஆகாது. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். கடைக்குப் போனபோது அந்தப் படங்களைத்தான் முதலில் நீட்டினேன். கடைக்காரர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “அதெல்லாம் எல்லா லேப்டாப்லயும் வர்றதுதான் தங்கச்சி, கொடுங்க பார்ப்போம்” என்றார்.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அடுத்து போகிறவருக்கும் இதையேதான் செய்வார்கள். கண்ணாடித் தடுப்புக்குள் மைக்ரோஸ்கோப், சூடான காற்று அடிக்கும் மெஷின், பெரிய விளக்கு எல்லாம் வைத்திருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். அம்மா வீடு வலங்கைமான் என்றதும், “அட, நானும் வலங்கைமான்தான், பாடைக்காவடிக்கு வருவீங்கள்ல?” என்று அந்த ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். டீ வாங்கிவரச் சொன்னார். பேசிக்கொண்டே என் கண் முன்னாலேயே பின்பக்க மூடியைக் கழற்றி, மல்டிமீட்டர் முனையை போர்டில் வைத்தார். பீப் என்று சத்தம் வந்தது. “கேட்டீங்களா? ஷார்ட். போர்டு போச்சு” என்றார். இன்னொரு இடத்தில் வைத்தார், அங்கேயும் பீப். மீட்டர் சத்தம் போடுகிறது, கண்ணால் பார்க்கிறோம், நம்பாமல் என்ன செய்வது?

கம்பெனியில் புது போர்டு வாங்கினால் ₹18,000க்கு மேல் ஆகும், எனக்காக ₹12,800க்கு மாற்றித் தருகிறேன் என்றார். “நம்ம ஊர்ப் பொண்ணுகிட்ட லாபம் வச்சா நல்லாவா இருக்கும்?” இதுவும் அவர் சொன்னதுதான். ₹12,800 எனக்குச் சின்னப் பணம் இல்லை. மூன்று கடைகளின் கணக்குக்கு நான் வாங்குவதைச் சேர்த்தாலும் ஒரு மாதத்தில் அவ்வளவு வராது. அப்படியிருந்தும் 20ஆம் தேதி நெருங்குகிறதே என்று ஜிபேயில் முழுப் பணத்தையும் அனுப்பினேன். சென்னையிலிருந்து போர்டு வர வேண்டும் என்று இழுத்துவிட்டு, ஒரு சாயங்காலம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார்: “போர்டு மாத்தியாச்சு தங்கச்சி, வந்து எடுத்துக்கங்க.” அந்தக் குரல் பதிவு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

போய்ப் பார்த்தால் விண்டோஸைப் புதிதாகப் போட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டாலி டேட்டா பென்டிரைவில் இருந்ததால் தப்பித்தது. உரக்கடைக்காரர் ஸ்கேன் செய்து அனுப்பிய பில்கள் போயே போய்விட்டன. அவரிடம் மறுபடி கேட்டு வாங்குவதற்குள் என் மானம் போனது.

கொஞ்ச நாள் ஓடியது. டாலி, பிரவுசர், எக்செல் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து வேலை பார்த்த அன்று அதே நீலத் திரை. அன்றிலிருந்து அந்தக் கடையில் கேட்ட பதில்களை அப்படியே எழுதுகிறேன். முதலில், “மாஸ்டர் லீவு, அப்புறம் வாங்க.” அதற்கடுத்து, “உங்க ஊர்ல லோ வோல்டேஜ் இருக்கும்.” பேட்டரியில் ஓடும்போதும் நிற்கிறதே என்றால், “அப்ப சாஃப்ட்வேர் பிராப்ளம்.” நீங்கள்தானே புதிதாகப் போட்டுக் கொடுத்தீர்கள் என்றால், “டாலியை ரொம்ப ஓட்டுறீங்க.” கடைசியில், “தண்ணி பட்டிருக்கு, வாட்டர் டேமேஜுக்கு வாரண்டி கிடையாது.” தண்ணீர் எங்கே பட்டிருக்கிறது, காட்டுங்கள் என்றேன். காட்டவில்லை. கல்லாவில் இருந்த அம்மா நான் வாசலுக்கு வரும்போதே, “அவர் வெளியில போயிருக்கார்” என்பார். அவருடைய வண்டி வாசலில்தான் நிற்கும். என் நம்பரிலிருந்து போன் செய்தால் எடுப்பதே இல்லை. என் வீட்டுக்காரர் நம்பரிலிருந்து அடித்தால் உடனே எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார்.

என் சித்தி பையன் வல்லத்தில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறான். நேற்று வந்திருந்தான். நீலத் திரைப் படங்களைப் பார்த்த உடனே, “அக்கா, ஒவ்வொரு தடவையும் வேற வேற எரர் கோடு வருது, வேற வேற புரோகிராம்ல வருது. முதல்ல ராமைத்தான் சந்தேகப்படணும்” என்றான். ராம் என்றால் ஓடுகிற புரோகிராம்கள் தற்காலிகமாகத் தங்கும் மெமரி. படத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்தக் கடைக்காரர் திரும்பிப் பார்க்காத அதே படங்கள்தான்.

சூடு அதிகமானால் பெரும்பாலும் நீலத் திரையே வராமல் பட்டென்று அணைந்துவிடுமாம். நம் பக்கம் அறுவடை சமயத்தில் வைக்கோல் தூசி ஃபேனில் போய் அடைத்துக்கொள்வதால் அதையும் பார்த்தான். வெப்பம் சரியாக இருந்தது. ஃபைல்களைச் சேமித்து வைக்கும் ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி போகிறது என்றால் ஃபைல் திறக்க நேரமாகும், நடுவில் உறைந்து நிற்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமில் பார்த்தான், அதுவும் ‘குட்’ என்றே காட்டியது. பிறகு மெம்டெஸ்ட்86 என்பதைப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே லேப்டாப்பை பூட் செய்தான். விண்டோஸ் உள்ளேயே வராது, ராமை மட்டும் சோதிக்கும். சில நிமிஷத்தில் சிவப்பு சிவப்பாகப் பிழைகள் வர ஆரம்பித்தன.

என் லேப்டாப்பில் இரண்டு 8 ஜிபி ராம். ஒன்று வாங்கும்போதே இருந்தது, இன்னொன்று பிறகு போட்டது. அவன் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒன்றை மட்டும் வைத்து ஓட்டினான். பழையதில் ஒரு பிழைகூட இல்லை. பிறகு போட்டதில் பிழை கொட்டியது. அதோடு நிற்காமல் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டான். எந்த ஸ்லாட்டில் (போர்டில் ராம் சொருகும் இடம்) போட்டாலும் அதே ராமில்தான் பிழை. பழுது ராமைத் தொடர்ந்து போகிறது, ஸ்லாட்டோடு நிற்கவில்லை என்றால் போர்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இதற்கு மீட்டரும் வேண்டாம், மைக்ரோஸ்கோப்பும் வேண்டாம். ஒரு பென்டிரைவும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதும்.

அப்படியானால் இடையில் கொஞ்ச நாள் எப்படி ஓடியது என்று கேட்டேன். வேலை குறைவாக இருந்தால் ராமில் கெட்டுப்போன இடம் வரைக்கும் போகாது, நிறைய புரோகிராம் திறந்து ராம் நிரம்பும்போதுதான் அந்த இடத்தைத் தொடும் என்றான். பாட்டு கேட்டால் ஓடும், டாலியோடு சேர்த்து ஓட்டினால் விழும் என்று நான் படத்தோடு சொன்னதற்கு இதுதான் காரணம்.

அந்த பீப் சத்தத்தைப் பற்றியும் கேட்டேன். பிராசசருக்குக் கரண்ட் போகும் லைனில் ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் குறைவாம். அங்கே மீட்டரை பீப் முறையில் வைத்தால் நல்ல போர்டிலும் சத்தம் வரும். நம்ப வைக்கத்தான் அந்தச் சத்தம். டீயும் வலங்கைமானும் அதற்குத்தான்.

இதற்கு மேல்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என் லேப்டாப்பில் இடது பக்க யுஎஸ்பி சொருகும் இடத்தில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு ரொம்ப நாளாகவே உடைந்து கிடக்கிறது. புது போர்டு போட்ட பிறகும் அப்படியே உடைந்துதான் இருக்கிறது. தம்பி திறந்து காட்டினான்: அந்த யுஎஸ்பி, போர்டோடு சேர்த்தே பற்ற வைத்தது. போர்டை மாற்றினால் அதுவும் மாறியிருக்க வேண்டும். அதே பழைய போர்டு! ஃபேன் பக்கத்தில் பழைய தூசிகூட அப்படியே இருந்தது. போர்டு மாறினால் பெரும்பாலும் விண்டோஸ் ஆக்டிவேஷன் போய்விடுமாம், எனக்கு அதுவும் போகவில்லை.

காலையில் நேராகக் கடைக்குப் போய்க் கேட்டேன். பில்லை எடுக்கச் சொன்னார். பில் என்றால் ஜிஎஸ்டி எண்ணோடு அச்சடித்த பில் அல்ல, வெள்ளைத் துண்டுச் சீட்டு. அதில் ‘போர்டு சர்வீஸ் 12,800’ என்று இருக்கிறது. “சர்வீஸ்னுதானே போட்டிருக்கு, மாத்துனோம்னு எங்க போட்டிருக்கு?” என்று என் முகத்தைப் பார்த்தே கேட்டார். குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். “பையன் தெரியாம சொல்லியிருப்பான்” என்றார். அது அவருடைய குரல். கடையில் நின்ற மற்றவர்கள் கேட்கும்படி, “படிச்சவங்க இப்படித்தான் பிரச்சினை பண்ணுவாங்க” என்று சொன்னார். தங்கச்சி என்ற வார்த்தை அதற்குள் போய்விட்டது.

இன்னொன்று. கெட்டுப்போன அந்த ராம் தனியாக வாங்கியது. பல கம்பெனிகள் ராமுக்கு நீண்ட வருஷ வாரண்டி தருகிறார்கள். வீட்டில் தேடி பில்லை எடுத்துவிட்டேன், வாரண்டி இருக்கிறது. அதாவது முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ரூபாய்கூட செலவில்லை. அதற்குப் பதில் ₹12,800 போனது, அதன் மேல் 3பி தாமதக் கட்டணத்தையும் என் கையிலிருந்து கட்டினேன். நான் கணக்கு எழுதும் கடைக்காரர்களிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது ஒரே 8 ஜிபியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். மெதுவாக இருக்கிறது, ஆனால் ஒரு தடவைகூட விழவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டேன். அவர்கள் பேசியும் பணம் வரவில்லை என்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடப் போகிறேன். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். ஜிபே ரசீது, துண்டுச் சீட்டு, குரல் பதிவு, உடைந்த யுஎஸ்பியின் படம், மெம்டெஸ்ட் சிவப்புத் திரையின் படம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன்.

நிறைய எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: மெம்டெஸ்ட் ஓட்டாமல், ராமை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்காமல் ‘போர்டு போச்சு’ என்று சொல்கிற கடையில் லேப்டாப்பை விடாதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் மூடியைத் திறக்கச் சொல்லி போர்டு, ராம், எஸ்எஸ்டி மூன்றையும் நம்பர் தெரியும்படி படம் எடுங்கள். மாற்றினோம் என்றால் பழைய போர்டைக் கையில் வாங்குங்கள். பில்லில் ‘சர்வீஸ்’ என்று எழுத விடாதீர்கள், என்ன மாற்றினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள், ஜிஎஸ்டி பில்லாகக் கேளுங்கள். டேட்டாவை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பவே அனுப்பாதீர்கள். கும்பகோணத்தில் வேறு யாராவது இதே மாதிரி பீப் சத்தம் கேட்டு, டீ குடித்து, பணம் கொடுத்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஆணையத்துக்குச் சேர்ந்தே போகலாம்.