டிஏபியை வீசலாமா, சாலில் வைக்கலாமா? அப்புறம் யூரியாவை?

மக்காச்சோளம் விதைக்கிற நேரம் வந்தாலே டீக்கடையில் இதே பேச்சுதான். மூட்டையைப் பிரித்து வீசிவிட்டு ஒரு உழவு ஓட்டினால் போதாதா, எதற்குச் சாலில், அதாவது உழவுக் கோட்டில், வைத்துக்கொண்டு? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானாவாரிக் கரிசலில் டிஏபியை வீசாதீர்கள், சாலில் வையுங்கள். ஆனால் இதே டிஏபியை நெல் நடவுக்கு முன்னால் வீசினால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், அங்கே பத்திரமாகப் பார்க்க வேண்டியது யூரியாவை.

கரிசலை எடுத்துக்கொள்வோம். டிஏபியை நாம் போடுவதே முக்கியமாக மணிச்சத்துக்காக (பாஸ்பரஸ்), அந்த மணிச்சத்து மண்ணில் நகராது. விழுந்த இடத்திலிருந்து ஒரு பருவம் முழுக்கச் சில மில்லிமீட்டர்தான் போகும், வேர்தான் அதைத் தேடி வரவேண்டும். பெரம்பலூர் பக்கம் வரிசைக்கு வரிசை இரண்டடி விட்டு விதைக்கிறோம், இளம்பயிரின் வேர் அந்த இரண்டடியின் நடுவுக்குப் போய்ச் சேரவே நாளாகும், வீசிய உரத்தில் பெரும்பகுதி கிடப்பதோ அங்கேதான். போதாததற்குக் கரிசலில் சுண்ணாம்பு அதிகம். உரக் குருணை எவ்வளவு மண்ணோடு கலக்கிறதோ அவ்வளவு மணிச்சத்தை அது பிடித்துக்கொள்ளும். கோடாக விழுந்தால் மண் படும் இடமும் குறைவு, பிடிபடுவதும் குறைவு. மழை பத்து நாள் தள்ளிப்போனால் மேல்மண் காய்ந்துவிடும், காய்ந்த மண்ணில் உரம் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. ஆழத்தில் வைத்தது ஈரத்தில் இருக்கும்.

எங்கள் காட்டில் ஒரு வருஷம் பாதிக்கு வீசி, பாதிக்குச் சாலில் வைத்தோம். இருபதாம் நாள் வீசிய பக்கம் கீழ் இலை ஓரமெல்லாம் ஊதா நிறம். சாலில் வைத்த பக்கம் மண்வெட்டியால் செடியை ஒட்டி ஒரு வெட்டு வெட்டிப் பார்த்தேன், உரம் விழுந்த கோட்டில் மட்டும் சல்லிவேர் தும்பு தும்பாகக் கூடிக் கிடந்தது, அரை அடி தள்ளி வெறும் மண். அதைப் பார்த்த பிறகு எனக்கு வாதமே தேவைப்படவில்லை.

அப்படியானால் விதையோடு ஒரே குழியில் போட்டுவிடலாமே என்பவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். டிஏபியிலும் 18 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது, சுண்ணாம்பு மண்ணில் அது அம்மோனியாவாகி முளையைச் சுடும், உரத்தின் உப்பு வேறு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். விதைக்கு இரண்டு அங்குலம் பக்கவாட்டில், இரண்டு அங்குலம் கீழே, இதுதான் சரியான இடம். டிராக்டர் விதைப்புக் கருவி வாடகைக்கு எடுத்தால் உரக்குழாயும் விதைக்குழாயும் தனித்தனிக் கொழுவில் இறங்குகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு ஓட்டச் சொல்லுங்கள்.

வீசுவதற்கும் ஒரு நியாயம் உண்டு. மண் பரிசோதனையில் மணிச்சத்து ஏற்கெனவே அதிகம் என்று வந்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, கூலிதான் மிச்சம்.

இப்போது நெல். தண்ணீர் கட்டிய வயலில் காற்று போகாததால் இரும்போடு ஒட்டியிருந்த மணிச்சத்து தானாகவே அவிழ்ந்து வரும், அதனால் கடைசிச் சேற்றுழவில் டிஏபியை வீசினால் போதும். யூரியா அப்படியில்லை. நிற்கும் தண்ணீரில் வீசினால், பாசி வளர்ந்த தண்ணீர் மதிய வெயிலில் காரத்தன்மை கூடி, அம்மோனியா ஆவியாகப் பறந்துவிடும். மிச்சத்தில் ஒரு பங்கு நைட்ரேட்டாகிக் கீழே சேற்றில் இறங்கி, அங்கே வாயுவாகித் தொலையும். போட்டதில் பயிருக்குச் சேர்வது பெரும்பாலும் 30, 40 சதவீதம்தான். 45 கிலோ மூட்டையில் பாதிக்குமேல் நமக்கில்லை என்றால் வயிறு எரியாதா?

வங்கதேசத்தில் இதற்காகவே யூரியாவை உருண்டையாக அழுத்தி, நட்ட ஒரு வாரத்தில் நான்கு நாற்றுக் குத்துக்கு நடுவே ஒன்றாக, மூன்று நான்கு அங்குல ஆழத்தில் சேற்றில் புதைக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு யூரியா மிச்சமாகிறது. களிமண் வயலுக்கு அருமையான முறை, தண்ணீர் நிற்காத மணல் வயலுக்குச் சரிவராது. ஆனால் ஏக்கர் முழுக்கக் குனிந்து புதைக்க ஆள் எங்கே? அது முடியாதவர்கள் வயலில் தண்ணீரை வடித்துச் சேற்றின் மேல் போட்டு, கோனோவீடரை (வரிசைக்கு நடுவே தள்ளும் களைக்கருவி) ஓட்டிக் கலக்கிவிட்டுத் தண்ணீர் கட்டுங்கள். உருண்டை அளவுக்கு வராது, வீசுவதைவிட எவ்வளவோ மேல்.

வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே, இது எதற்கு என்கிறார்கள். அந்தப் பூச்சு நைட்ரேட் ஆவதைத்தான் தாமதப்படுத்தும், ஆவியாகப் போவதை நிறுத்தாது. சந்தேகமிருந்தால் இரண்டு டப்பாவில் ஈரக் கரிசல் மண் போடுங்கள். ஒன்றில் ஒரு பிடி யூரியாவை மேலே தூவுங்கள், மற்றதில் அடியில் புதையுங்கள், இறுக்கமாக மூடி மூன்று நாள் கழித்துத் திறந்து பாருங்கள். முதல் டப்பா மூக்கைப் பிடுங்கும். மக்காச்சோளத்துக்கு மேலுரமாக யூரியாவைச் செடிக்குப் பக்கத்தில் கோடாகப் போட்டு, அன்றைக்கே மண் அணைக்கச் சொல்வது இதனால்தான்.